ஒரு வேளை, இரு பணி

கணனியிடம் பல பணிகளை ஒருங்கே ஒப்படைத்தல் எளிது. அவற்றை இசைந்து நடக்கச் செய்தலே அரிது. இரு பணிகள் ஒரே நினைவிடத்தை மாற்ற முனையின், ஒன்று முடியுமட்டும் மற்றது காத்திருத்தல் வேண்டும். இதற்கான வழியொன்றை டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் 1965இலேயே வகுத்தளித்தார்.

அவ்வொழுங்கு பேணப்படாதவிடத்து உயிரே விலையாயிற்று. தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறியில், ஒரு பணி கட்டளையை ஏற்க, மற்றொன்று காந்தங்களை அமைத்தது. அவ்வமைப்புக்கு ஏறத்தாழ 8 விநாடிகள் சென்றன. அதற்குள் இயக்குபவர் தட்டச்சுப் பிழையைத் திருத்தின், திரை திருத்தத்தைக் காட்டும். பொறியோ அதனை முழுதும் அறியாது. ஐக்கிய அமெரிக்காவின் டைலர் நகரில் 1986இல் இவ்வாறு மிகைக்கதிர் பாய்ந்த நோயாளர் இருவர் மாண்டனர்.

இன்றைய நிரல்மொழிகள் பூட்டுக்களைத் தருகின்றன. எங்கே பூட்டுவதெனத் தெளிதல் எழுதுவோர் கடனே.