அறுபத்து நான்கில் ஒரு பங்கு குளம்

பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கினால் நான்கு சுவர்களோடு லிஃப்ட், ஜெனரேட்டர், மொட்டைமாடி எல்லாவற்றிலும் ஒரு துண்டு நம் பெயருக்கு வந்துவிடும். 2024 ஜனவரியில் நாங்கள் குடிபுகுந்தபோது ஒரு நீச்சல் குளத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கும் எனக்குச் சொந்தமானது. புதிதாக வந்தவர்களுக்குத்தான் உற்சாகம் இருக்கும் என்று குடியிருப்போர் சங்கம் அதன் பராமரிப்பை என் தலையில் கட்டியது. தமிழ் எம்.ஏ.வும் மொழிபெயர்ப்பும் இதற்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கவில்லை.

நீளம் 10 மீட்டர், அகலம் 5, ஆழம் சராசரி 1.2 மீட்டர். ஆக, 60,000 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வைத்துக்கொள்ளும் கணக்கு. அதன்படி இந்தக் குளம் ஒரு மனிதரின் ஓராண்டுத் தேவைக்கும் மேல்.

பிப்ரவரியில் குளம் பச்சையானது. திறந்துவிட்டு லாரித் தண்ணீரால் நிரப்பிவிடலாம் என்றார்கள் சங்கத்தில். குளத்தைப் பார்த்துக்கொள்பவர் கோலார் தங்கவயல் தமிழர். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பெங்களூருக்கு வேலை தேடி வந்த பலரில் ஒருவர். "எதுக்கு மேடம் கொட்டணும்? தேத்திடலாம்" என்றார்.

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தேற்றா மரத்தின் விதை கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் செய்தி கலித்தொகையிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கிணற்று நீருக்குத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைப்பார்கள். இவர் கையில் இருந்தது படிகாரம். வேலை ஒன்றுதான்: மிதக்கும் நுண்ணிய அழுக்கை ஒன்றுசேர்த்து அடியில் படிய வைப்பது.

அதற்கு முன் கற்க வேண்டியவை இருந்தன. குளோரின் குறைந்து, வெயில் சேர்ந்தால் பாசி பிடிக்கும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிற்க வேண்டும். அது 8ஐத் தொட்டால் போட்ட குளோரினில் கால் பங்குகூட வீரியத்தோடு வேலை செய்யாது. எனவே முதலில் அமிலம் விட்டு பி.எச்.சை இறக்க வேண்டும். குளோரினை மாலையில்தான் போட வேண்டும். பகலில் வெயில் தின்றுவிடும். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் கிளம்புவது விஷவாயு. டப்பாக்களில் இந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அவற்றைத் திறக்கும் இருவரில் ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்குக் கன்னடமும்தான் படிக்க வரும். பக்கத்து வீட்டு ஆசிரியையின் உதவியோடு இரு மொழியிலும் எழுதி பம்ப் அறையில் ஒட்டினேன். ஐந்தாம் நாள் குளத்தின் அடித்தரை தெரிந்தது. ஒரு லாரித் தண்ணீரும் வாங்கவில்லை.

மார்ச்சில் நகரமே வறண்டது. முந்தைய ஆண்டு மழை பொய்த்திருந்தது. தன் வீட்டு ஆழ்துளைக் கிணறும் வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே சொன்னார். நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

குளத்தில் இறங்குவதை நிறுத்தினோம். குளத்தைக் கைவிட முடியவில்லை. கவனிக்காமல் விட்டால் கொசுப் பண்ணைதான். வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 250 லிட்டர் போய்விடும். தார்ப்பாய் போட்டு மூடினோம். மணல் வடிகட்டியை எதிரோட்டத்தில் கழுவும்போது மூன்று நிமிடத்தில் 500 லிட்டர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தொட்டியில் பிடித்து, வண்டி நிறுத்துமிடம் கழுவக் கொடுத்தோம்.

எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெங்களூர்க் குழாயில் வரும் காவிரி சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, மூன்று இடங்களில் பம்ப் வைத்து, மேட்டுக்கு ஏற்றப்படுகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் வீட்டு உபயோகத்துக்கும் குடிநீருக்கும். கும்பகோணம் பக்கத்தில் என் அண்ணன் மேட்டூர் திறப்புக்காகக் காத்திருக்கிறார். இங்கே நான் குழாயைத் திறக்கிறேன். இந்த ஊரில் குடிப்பதற்கு எனக்கும் உரிமை உண்டு என்று அவரிடம் வாதாட முடியும். நீந்துவதற்கு என்று சொல்ல நா எழாது.

ஜூன் 2ஆம் தேதி நகரில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தார்ப்பாயை விலக்கி வைத்திருந்தோம். குளம் ஏறக்குறைய அரைச் சாண் உயர்ந்தது. அதே அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமும் வந்தது. நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதல். சங்கக் கூட்டங்களில் இப்போது பேச்சு தாராளமாகிவிட்டது. தண்ணீரை ஒருமுறை மாற்றிவிடலாமே என்று யாராவது எழுந்து கேட்பார்கள். எந்த ஊர்த் தண்ணீரால் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.