88 மணி நேரம்

பெரியம்மா மகன் அண்ணனுக்கு வேலை தேடுவதற்காக என் கணினியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நிறுவனம், நாடு, ஹெலிகாப்டர் வகை, கேட்கும் மணி நேரம், பதில் வந்த தேதி என்று ஐந்து கட்டங்கள். ஐந்தாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

அண்ணன் ஹெலிகாப்டர் விமானி. பெரியப்பாவின் இ.பி.எப். பணம், பெரியம்மாவின் நகைகள், வீட்டின் மேல் எடுத்த கடன் எல்லாம் சேர்ந்துதான் அந்த லைசன்ஸ். படித்து முடித்ததும் கெர்த்தேயில் வேலை கிடைத்தது. கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கித் திரும்பக் கூட்டி வர வேண்டும். அவர் துணை விமானி. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதைச் செய்தியில் பார்த்து நான் சிரித்தேன். விற்கிறவனே காசு கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிடுகிறானே என்று வேடிக்கையாக இருந்தது. சில மாதங்களில் அண்ணனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அவர் கிராப் ஓட்டினார். லைசன்ஸ் சாகாமல் இருக்க மருத்துவப் பரிசோதனை, சோதனைப் பறப்பு எல்லாவற்றுக்கும் கைக்காசைப் போட்டார். நான் அப்போதுதான் ஜொகூரில் படிப்பை முடித்துவிட்டு ஒரு ஹெலிகாப்டர் பராமரிப்பு ஹேங்கரில் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். குடும்பத்தில் ஹெலிகாப்டர் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். அதனால் பெரியம்மா என்னிடம் சொன்னார்: "தம்பி, அண்ணனுக்கு வெளிநாட்டுல ஏதாச்சும் பாருய்யா. அந்த ஐ.நா.வுல எல்லாம் ஆள் எடுப்பாங்களாமே."

எடுக்க மாட்டார்கள். அதுதான் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

தெற்கு சூடான், காங்கோ, ஹைத்தி மாதிரியான இடங்களில் மருத்துவர்களையும் உதவிப் பணியாளர்களையும் மருந்தையும் கொண்டுபோவது ஐ.நா. மனிதநேய விமானச் சேவை. அதை நடத்துவது உலக உணவுத் திட்டம். ஆனால் அந்த வெள்ளை ஹெலிகாப்டர்களும் அவற்றை ஓட்டுகிறவர்களும் தனியார் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். ஹெலிகாப்டர், விமானி, பொறியாளர் மூன்றையும் சேர்த்தே வாடகைக்கு எடுப்பார்கள். விமானி ஐ.நா.வுக்கு விண்ணப்பம் போட்டுப் பயனில்லை, அந்த நிறுவனங்களின் கதவைத்தான் தட்ட வேண்டும். அதே நிறுவனம் இந்த வருடம் சோளமும் மருந்தும் ஏற்றலாம், அடுத்த வருடம் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றலாம், அதற்கடுத்த வருடம் ஏதோ ஒரு ராணுவத்துக்குச் சரக்கு ஏற்றலாம். கதவில் ஒட்டும் எழுத்து மட்டும் மாறும்.

அந்தக் கதவைத் திறக்கும் சாவி மணி நேரம். மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய், அதில் கேப்டனாக எத்தனை, இந்த வகை ஹெலிகாப்டரில் எத்தனை, கடைசி 90 நாளில் எத்தனை? ஒவ்வொரு விளம்பரமும் இதையேதான் கேட்டது. ஹெலிகாப்டருக்கான உயர்நிலை லைசன்ஸ் வாங்கவே 1000 மணி நேரம் வேண்டும். ஆப்பிரிக்காவில் ஐ.நா. வேலைகளுக்கு ரஷ்யத் தயாரிப்பான மி-8 அதிகம். அண்ணன் ஓட்டியதோ ஏடபிள்யூ139. பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டுப் போனது.

மிச்சமிருந்ததில் ஒன்று சரியாகப் பொருந்தியது. கிழக்கு ஆப்பிரிக்கா, அதே வகை ஹெலிகாப்டர், துணை விமானி வேலை, ஆறு வாரம் வேலை ஆறு வாரம் விடுப்பு. கேட்டது 1500 மணி நேரம். அண்ணனின் லாக்புக்கில் 1412.

ஷா ஆலாமில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து நாங்கள் கணக்குப் போட்டோம். சின்ன ராபின்சன் ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். ஒரு மணி நேர வாடகை என் அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. 88 மணி நேரம் என்றால் ஏழு வருடத்துக்கும் மேலான சம்பளம். பெரியம்மா வீட்டுக் கடன் ஏற்கெனவே மூன்று மாதம் கட்டாமல் நின்றது.

அப்போது நான்தான் சொன்னேன். அதை இங்கே எழுதிவிட வேண்டும்.

"அண்ணே, 88 மணி நேரம்தானே. நீங்களே எழுதிடுங்க. யாரு போய் பாக்கப் போறா?"

விமானிகளிடையே இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: பார்க்கர் பேனா மணி நேரம். வானத்தில் பறக்காமல் பேனாவால் பறந்த நேரம். நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அண்ணன் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஒங்க ஹேங்கர்ல ரோட்டர் பிளேடு ஒன்னு லைஃப் முடிஞ்சு வருது. 88 மணி நேரம் கொறச்சு எழுதி மறுபடி மாட்டுவியா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் வேலையே அதுதான். ஹெலிகாப்டரின் முக்கியமான பாகங்கள் பலவற்றுக்கு ஆயுள் மணி நேரத்தில்தான். ராபின்சன் ஆர்44 என்றால் குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் முழுதாகப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். பாகம் பார்க்கப் புதிதுபோல் பளபளவென்று இருக்கும். கண்ணுக்கு எந்தக் கீறலும் தெரியாது. ஆனாலும் கழற்றிவிட வேண்டும். கண்ணை நம்பாதே, பதிவேட்டை நம்பு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் ஓர் எண்ணை மாற்ற நான் கனவிலும் நினைத்ததில்லை. மனிதனின் பதிவேட்டை மட்டும் மாற்றலாம் என்று எப்படித் தோன்றியது?

"அந்த 88 மணி நேரத்துல எனக்கு என்ன வந்திருக்கும்னு எனக்குத் தெரியாதுடா," என்றார். "ஒரு தடவ எஞ்சின் லைட் எரிஞ்சிருக்கலாம். ஒரு தடவ மழையில தரை தெரியாம போயிருக்கலாம். அதெல்லாம் இன்னும் பாக்கல. பின்னாடி உக்காந்திருக்கிறவன் நான் பாத்துட்டேன்னு நெனச்சுட்டு ஏறுவான்."

அந்த வேலை போனது. பட்டியலில் சிவப்பு நிறம் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொன்று வந்தது. அவர்களாகவே தொடர்பு கொண்டார்கள். பாதுகாப்புச் சேவை நிறுவனம் என்றார்கள். மணி நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, சம்பளம் கெர்த்தேயில் வாங்கியதைப்போல் மூன்று மடங்கு. வீடியோ அழைப்பில் அண்ணன் மூன்று கேள்வி கேட்டார். காப்புறுதி யார் பெயரில்? கீழே விழுந்தால் தேடி வரப் போவது யார்? நாம் வேலை செய்வது யாருக்காக? முதல் இரண்டுக்கும் சுற்றி வளைத்துப் பதில் வந்தது. மூன்றாவதற்கு, வாடிக்கையாளர் விவரம் ரகசியம், கையெழுத்துப் போட்ட பிறகு சொல்வோம் என்றார்கள்.

அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக் கடன் உங்களுடையது மட்டுமில்லை என்று வாட்சாப்பில் நீளமாக எழுதினேன். அவர் பதிலுக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினார்: பால்மா.

தேடிப் படித்தேன். மொசாம்பிக்கின் வடக்கில் உள்ள கடலோர ஊர். 2021 மார்ச் 24 அன்று ஆயுதக் குழு ஒன்று அதைத் தாக்கியது. ஊருக்குள் ஒரு ஹோட்டலில் ஏறக்குறைய 200 பேர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் சிலரை வானத்திலிருந்து வந்து தூக்கிச் சென்றது, மொசாம்பிக் அரசு ஒப்பந்தத்துக்கு வைத்திருந்த டைக் அட்வைசரி குரூப் என்ற தென்னாப்பிரிக்கத் தனியார் நிறுவனம். தப்பியவர்களுக்கு அந்த ஹெலிகாப்டர்கள்தான் உயிர். ஆனால் அதே மாதத் தொடக்கத்தில்தான் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் ஹெலிகாப்டர்களிலிருந்து பொதுமக்கள் மீதும் சுட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மே மாதத்தில் இன்னொன்று: ஹோட்டலிலிருந்து மீட்கும்போது வெள்ளையர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள் என்பது. நிறுவனம் அதை மறுத்தது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அந்த ஹெலிகாப்டரில் உட்கார்ந்திருந்த விமானியும் ஒரு காலத்தில் மணி நேரம் சேர்த்தவன்தான். அவனுக்கும் கடன் இருந்திருக்கும். அவனுக்கும் ஒரு தம்பி வேலை தேடிக் கொடுத்திருப்பானோ என்னவோ.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் திரும்பத் திரும்ப ஐ.நா.வையே கேட்டார். ஆப்பத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே ஒரு நாள் கேட்டார்: "சோறு கொண்டுபோற ஹெலிகாப்டர யாரு சுடப் போறா? அது பத்திரம்தானே தம்பி?"

"பத்திரம்தான் பெரியம்மா," என்றேன்.

அது இரண்டாவது பொய். 2012 டிசம்பரில் தெற்கு சூடானின் ஜொங்லேயில் ஓர் ஐ.நா. மி-8 சுட்டு வீழ்த்தப்பட்டு ரஷ்யப் பணியாளர்கள் நால்வர் இறந்தார்கள். சுட்டது அந்த நாட்டு ராணுவமே, எதிரியுடையது என்று நினைத்துவிட்டார்களாம். 2014 ஆகஸ்டில் பென்டியூ அருகே ஐ.நா. அமைதிப்படைக்குச் சரக்கு கொண்டுபோன இன்னொரு மி-8 சுடப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். அவர்களும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான். இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டேதான் ஆப்பத்தைப் பிய்த்துத் தின்றேன்.

கடைசியில் அண்ணனுக்குச் சரவாக்கில் வேலை கிடைத்தது. பட்டியலில் இல்லாத வேலை, பழைய நண்பர் ஒருவர் சொல்லி வந்தது. சாலை போகாத நீள்வீடுகளுக்கு மருத்துவக் குழுவையும் சாமான்களையும் கொண்டுபோக வேண்டும். சம்பளம் குறைவு. கடனைத் திரும்பப் பேசித் தவணையைச் சிறிதாக்கினோம். நானும் மாதம் 300 வெள்ளி போடுகிறேன். அந்த நீளமான வாட்சாப்புக்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. என் பட்டியலில் இருந்த விளம்பரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அதற்குச் சில மாதம் கழித்து ஒரு மாலை அண்ணன் லாக்புக் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். மொத்தம் 1503. வேறெதுவும் எழுதவில்லை. 88 மணி நேரத்தையும் பறந்து முடித்துவிட்டார், இப்போது கேட்க அந்த வேலை இல்லை.

நான் பட்டியலை இன்னும் அழிக்கவில்லை. போன மாதம் இரண்டு புதிய விளம்பரங்கள் வந்தன, அதில் ஒன்று தெற்கு சூடான். அண்ணனுக்கு அனுப்பினேன், விண்ணப்பம் போடச் சொன்னார்.

மறுநாள் பெரியம்மா போன் செய்தார். அதே கேள்வி. இந்த முறை ஜொங்லேயையும் பென்டியூவையும் சொன்னேன். தேதிகளோடு சொன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தொலைக்காட்சியில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் பெரியம்மா."

"தெரிஞ்சுதான் போடுறானா?"

"ஆமா."

"சரி," என்றார். பிறகு, "நீ பசியாறிட்டியா?" என்று கேட்டார்.