ஐந்து சென்ட் ராஜ்யம்

காய்கறி மலிவாகக் கிடைக்கிற நாளில் யாரும் தோட்டம் போடுவதில்லை. விலை ஏறுகிற அன்றுதான் எல்லோருக்கும் விதையின் ஞாபகம் வருகிறது. அந்த விதை முளைத்துக் காய்ப்பதற்குள் விலை இறங்கிவிடுகிறது. ஆகையால், வீட்டுத் தோட்டத்தினால் பணம் மிச்சமாகுமா என்ற கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர்களை நான் கண்டதில்லை. தோட்டம் போட்டவர்கள் "மிச்சமாகும்" என்று சத்தியம் செய்கிறார்கள், கணக்குக் காட்டுவதில்லை. போடாதவர்கள் "ஆகாது" என்று கணக்குக் காட்டுகிறார்கள். அவர்கள் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் மனை சும்மா கிடந்தது. வீட்டுக்காரர், "நான் கட்டடம் கட்டுகிற வரையில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். என் மனைவி மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினாள். மண்வெட்டி அதற்குப் பிறகுதான் வந்தது. இதிலிருந்தே எங்கள் இருவரில் யார் விவசாயி என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் பொதுவான நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்றாகக் காய்கறி போடக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. கேட்பவர்களுக்கு அப்படி நிலம் கொடுக்க வேண்டியது உள்ளூராட்சிகளின் கடமை என்று 1908-ல் சட்டமே செய்தார்கள். ஒரு துண்டின் வழக்கமான அளவு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். 1939-ல் யுத்தம் மூண்டதும் பூங்காக்களைக்கூடக் கொத்தி முட்டைக்கோஸ் நட்டார்கள். நம் தேசத்திலும் 1942-ல் உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி ஓர் இயக்கம் பிறந்தது. ஆகவே எங்கள் ஐந்து சென்ட் அப்படி ஒன்றும் அற்பமான ராஜ்யம் அல்ல.

முதல் வருஷத்துக் கணக்கை நோட்டில் உள்ளபடியே தருகிறேன். வேலி 2,800 ரூபாய், எரு 1,200, கொத்துக்கூலி 1,200, மண்வெட்டியும் களைக்கொத்தியும் 700, விதையும் நாற்றும் 300. ஆகச் செலவு 6,200. வரவை அன்றன்றைய கடை விலைக்கு எழுதினாள். கீரை 2,700, அவரை 2,280, கத்தரி 1,200, வெண்டை 880, தக்காளி 300, முருங்கைக்கீரை கறிவேப்பிலை முதலிய சில்லறை 940. ஆக வரவு 8,300. லாபம் 2,100.

"உங்கள் கூலியைச் சேர்த்தால் நஷ்டம்" என்றார் பக்கத்து வீட்டு நண்பர். அவர் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. நானும் ஓய்வு பெற்றவன்தான். என்னைக் கூலிக்குக் கூப்பிட ஊரில் யாரும் காத்திருக்கவில்லை என்பதை எடுத்துச் சொன்னேன். வேலியும் மண்வெட்டியும் மறு வருஷம் வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொன்னேன். இரண்டாவதைத்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்த நோட்டில் லாபத்தைவிட ருசிகரமான சமாசாரம் வேறொன்று இருந்தது. கீரைக்கு நாங்கள் விட்ட இடம் அரை சென்ட்; தக்காளிக்கு ஒரு சென்ட். அரை சென்ட் 2,700 ரூபாய் கொடுத்தது. முழுச் சென்ட் 300 கொடுத்தது. காரணம் எளியது. எங்கள் தக்காளி பழுக்கும்போது ஊர்த் தக்காளி முழுவதும் பழுத்து, விலை தரையில் கிடக்கிறது. முளைக்கீரையோ விதைத்த இருபத்தைந்தாம் நாள் சமையலறைக்கு வந்துவிடுகிறது. அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிறது. கடைக்கீரை மாலைக்குள் வாடுகிறது; கொல்லைக்கீரைக்கு அந்தக் கவலை இல்லை.

இதிலிருந்து என் மனைவி ஒரு சட்டம் செய்தாள். சீக்கிரம் வாடுவதை, ஒரு தடவை நட்டுப் பல தடவை பறிப்பதை, பிடியளவு தேவைப்பட்டாலும் கட்டாக வாங்க வேண்டியதை வீட்டில் போடு. மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதை, லாரியில் வந்து குவிவதைக் கடையில் வாங்கு. கீரை, அவரை, கறிவேப்பிலை, முருங்கை முதல் ஜாதி. வெங்காயம், உருளைக்கிழங்கு இரண்டாவது ஜாதி. ஆடியில் ஊன்றிய அவரைக்கொடி மார்கழியில் பந்தல் கொள்ளாமல் காய்த்தபோது, அந்தச் சட்டம் தெருவில் பிரசித்தமாயிற்று.

அந்தப் பந்தலைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி கல்வராயன் மலைக்காரி. தேனும் பலாப்பழமும் கொண்டுவந்து தெருவில் விற்பாள். பந்தலை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, இந்தக் காயை வித்தா கிலோ என்னா வரும்?"

"கடைக்காரனுக்குப் போட்டால் முப்பது ரூபாய் கொடுப்பான்" என்றேன்.

"அம்மா நோட்டுல அறுபதுன்னு எழுதியிருக்காங்களே?"

"அது வாங்குகிற விலை" என்றாள் என் மனைவி.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் அவர்கள் வீட்டைச் சுற்றி முப்பது சென்ட் கொல்லை. கேழ்வரகுக்கு நடுவே அவரை, வரப்பில் பூசணி, வாசலில் கீரை. மேட்டு நிலம் முழுவதும் ஏற்கெனவே மரவள்ளி. இப்போது மகன் கொல்லையிலும் மரவள்ளிக் குச்சி நட வேண்டும் என்கிறான். தங்கைக்கு நர்சிங் படிப்பு. ஜூன் மாதம் பணம் கட்ட வேண்டும். அவன் சொல்வதும் நியாயந்தானே?

நியாயந்தான். அவரையைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கட்ட முடியாது. ஆனால் மரவள்ளி மண்ணுக்குள் ஒன்பது பத்து மாதம் இருக்க வேண்டும். பிடுங்கிய கிழங்கைத் தேக்கி வைக்க முடியாது. உடனே ஜவ்வரிசி ஆலைக்குப் போயாக வேண்டும். மாவுச் சத்தை அளந்து, இத்தனை பாயிண்ட் என்று விலை சொல்கிறவர் ஆலைக்காரர். இந்தப் பக்கம் கொல்லை போய்விட்டால் தினசரிக் காயைச் சந்தையில், கீழிருந்து மலையேறி வந்த விலைக்கு வாங்க வேண்டும். விற்கும்போது முப்பது, வாங்கும்போது அறுபது என்ற கணக்கு மலையில் இன்னும் கடுமையானது. நான்கு பேர் உள்ள வீடு அது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னபடி ஆளுக்குத் தினம் 400 கிராம் காய்கறி, கீரை என்றால், நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதை யார் வாங்கப் போகிறார்கள்? வாங்காமலே இருந்துவிடுவார்கள். அந்த நஷ்டம் எந்த நோட்டிலும் ஏறாது.

இதையெல்லாம் என் மனைவி ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம் மகனுடைய நியாயம், மறுபக்கம் தாயாருடையது. எந்தப் பக்கத்தையும் குறைத்து எழுதவில்லை.

அந்த மலையில் நிலம் என்பது வெறும் கணக்கு விஷயமும் அல்ல. ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த பூமி அது. உழைப்பும் விளைச்சலும் ஜாகீர்தாருக்குப் போய்க்கொண்டிருந்தன. நாட்டுக்கு 1947-ல் சுதந்திரம் வந்தது. கல்வராயன் மலை ஜாகீர்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-ல். தன் கொல்லையில் தான் தின்ன நட்டுக்கொள்வது அந்தத் தலைமுறைக்குப் புதிதாகக் கிடைத்த பாக்கியம். "எங்க மாமியா, சாவுற வரைக்கும் அந்தக் கொல்லையில ஒரு பாத்தியைக்கூடச் சும்மா போட்டதில்லைங்க" என்றாள் அவள்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். இருபது சென்ட் மரவள்ளிக்குப் போயிற்றாம். பத்து சென்ட் கொல்லையாகவே நின்றதாம்.

"எந்தப் பத்து?" என்று என் மனைவி கேட்டாள்.

"பாத்திரம் கழுவுற தண்ணி பாயுற பத்தும்மா. அதை நான்தான் பிரிச்சேன்."

என் மனைவி நோட்டை மூடி வைத்துவிட்டு, நாட்டு அவரை விதையில் ஒரு பிடி அள்ளி அவள் முந்தானையில் போட்டாள். அதற்கு என்ன விலை எழுதுவது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அடுத்த தை மாதம் கடைக்கால் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த விதைக்கு இனி மலையில்தான் இடம்.