பத்துக்குப் பத்து... பங்கு நாலு!

“ஹாஸ்டல் ரூம்ல கால் நீட்டக்கூட இடம் இல்லம்மா!” என்று வீட்டுக்கு போன் போட்டுப் புலம்புற பார்ட்டியா நீங்க? அப்படின்னா, மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிங்க பாஸ்!

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷனில் இருந்து ஷேர் ஆட்டோவில் சிப்காட் பக்கம் போனால் உருக்கு உலைகள், ரோலிங் மில்கள், புகைபோக்கிகள். பெட்டிக்கடையில் இந்திப் பாட்டு, பக்கத்திலேயே பான் கடை. பீகார், ஒடிஷா, ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம் என்று பாதி இந்தியா இங்கே வந்து இரும்பு காய்ச்சுகிறது.

சரி, ஷிஃப்ட் முடிந்ததும் இவங்க எல்லாம் எங்கே தூங்குறாங்க? அதைப் பார்க்கத்தான் கையில் அளக்கிற டேப்போடு போயிருந்தேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் புத்தி அப்படித்தானே போகும்!

சிப்காட்டை ஒட்டிய கிராமங்களில் லைன் வீடுகள். ஒரே சுவரில் வரிசையாக எட்டு, பத்து கதவுகள். கடைசியில் பொதுக் குழாய், பொது டாய்லெட். ஒரு ரூமுக்குள் போய் டேப்பை விரித்தேன். நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரம் 9 அடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மூலையில் கேஸ் அடுப்பு, சுவரோரம் நாலு பை, கொடியில் நாலு பேரின் சட்டை. வாடகை 4,000 ரூபாய், ஆளுக்கு ஆயிரம்.

“நாலு பேர் எப்படி பய்யா படுக்கறீங்க?” என்றேன். சிரித்தார் அந்த பீகார் இளைஞர். என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவர். “ரெண்டு பேர் டே ஷிஃப்ட், ரெண்டு பேர் நைட். நான் எழுந்தா அவன் படுப்பான். சண்டே மட்டும் ப்ராப்ளம்... நாலு பேரும் ரூம்ல!”

வீட்டுக்கார அக்காவிடம் பேசினேன். “என்ன தம்பி பண்றது? கடன் வாங்கித்தான் கட்டினோம். ஷீட்டை எடுத்துட்டு தளம் போட்டா வாடகையும் ஏத்தணும். இவங்களால குடுக்க முடியுமா?” அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போ கொஞ்சம் கணக்கு. 100 சதுர அடிக்கு 4,000 என்றால் ஒரு சதுர அடிக்கு 40 ரூபாய். இதே ரேட்டில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 40,000 ரூபாய் ஆகும். அந்தக் காசை வைத்துக்கொண்டு அண்ணா நகரிலேயே வீடு தேடலாம்! சின்ன ரூம் என்றால் சீப் என்று நினைப்போம். அடிக்கணக்கில் பார்த்தால் அதுதான் காஸ்ட்லி.

அடுத்த கணக்குதான் தூக்கத்தைக் கெடுத்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்கணும் என்கிறது. நான் அளந்த ரூம் 9.3. பரவாயில்லை, ஜஸ்ட் மிஸ்! ஆனால் 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டம், அதற்குப் பிறகு கட்டும் தொழிற்சாலைகளில் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று எழுதி வைத்தது. இந்த ரூமின் மொத்தக் கொள்ளளவே சுமார் 25.5 கன மீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் இருந்தால் ஆளுக்கு 6.4. மெஷின் பக்கத்தில் நிற்க சட்டம் கொடுத்த இடத்தில் பாதிகூட, படுக்கிற இடத்தில் இல்லை!

1979-ல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஆள் கூட்டி வரும் ஒப்பந்ததாரர் தங்க இடமும் தரணும் என்றது. சொந்தமாக ரயிலேறி வந்து வேலை தேடுகிறவருக்கு அது பொருந்தவில்லை.

ரூம் பிரச்னை வெளிமாநில ஆண்களுக்கு மட்டும் இல்லை. 2021 டிசம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி பக்கம் விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பலர், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான், அவர்கள் எப்படித் தங்குகிறார்கள் என்பதே உலகத்துக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்ட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. ஆக, மனசு வைத்தால் கட்ட முடியும்!

நமக்கும் ஒரு டிப்ஸ். நாளைக்கு நாமும் டிரெய்னியாக இப்படி ஒரு ரூம் தேடுவோம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அதில் வேறு மாதிரி எழுதாத வரை, அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. அதனால படிக்காம கையெழுத்துப் போட்டுடாதீங்க!

இன்னொண்ணு. நம்மில் யாராவது ஒருநாள் ஃபேக்டரி லே-அவுட் வரைவோம். மெஷினுக்கு எத்தனை அடி, லாரி திரும்ப எத்தனை அடி என்று கச்சிதமாகக் கட்டம் போடுவோம். அந்த மெஷினை ஓட்டுகிறவர் படுக்கவும் ஒரு கட்டம் போட்டுடுவோமா மச்சி?