ஒதியம்பட்டு வரப்பில் ஒரு காலை: குஞ்சைத் தூக்கியது கீரிதானா?

'கோழிக்குஞ்சுகளைக் கீரி தூக்கிக்கொண்டு போகிறது. என்ன செய்யலாம்?' என்று வில்லியனூர் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஒதியம்பட்டுக்குப் போனேன்.

சம்பா நெல் பால் பிடித்திருந்த நேரம். வரப்பில் வளைகள்; வாயில் புதுமண் குவியல். வரப்பெலியின் வேலை அது. கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேர்த்துவைக்கும். சற்றுத் தள்ளி, சாம்பல் நிறக் கீரி ஒன்று வளைகளை மோந்தபடி போனது.

"நேத்து ராத்திரியும் ரெண்டு குஞ்சு போயிடுச்சுங்க. விஷம் வெச்சிடலாம்னு அவரு சொல்றாரு" என்றார் அந்த அம்மா.

"ராத்திரியாம்மா?" என்று கேட்டேன். கீரி பகலில் இரை தேடும்; இருட்டினால் வளைக்குள் அடங்கிவிடும். இரவில் வருவது மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி. கூண்டைச் சுற்றிப் பார்த்தோம். பின்பக்கம், பலகைக்கு அடியில் பெருச்சாளி தோண்டிய பொந்து! அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்காகக் கீரி குஞ்சைத் தொடாது என்று சொல்லவில்லை. பகலில் அசந்தால் தூக்கும். 1872-ல் கல்கத்தாவிலிருந்து 9 சிறு கீரிகளை ஜமைக்கா தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் எலி குறைந்தது. பிறகு அவை பெருகி, கோழிகளையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் வேட்டையாடின. அந்தத் தீவுக்கு அது வந்தேறி. நம் ஊரிலோ கீரி, பாம்பு, எலி, ஆந்தை எல்லாம் காலங்காலமாகச் சேர்ந்து வாழ்பவை. விஷம் தின்ற எலியைத் தின்று கீரியும் ஆந்தையும் செத்தால், மிஞ்சிய எலிக்குக் கொண்டாட்டம்தான். தவிர, கீரியைக் கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வாசகிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவையுங்கள். இரவுக்கூண்டின் அடியிலும் கம்பிவலை அடியுங்கள். வயலில் மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, அதில்தான் எலி இருக்கிறது. அதன் அருகில் தஞ்சாவூர் கிட்டி வையுங்கள். வரப்பைக் குறுக்கிக் கட்டினால் வளை தோண்ட இடமிருக்காது.

கிளம்பும்போது அந்தக் கீரி மறுபடி வரப்பேறியது. "போவட்டும், எலி புடிக்கட்டும்" என்றார் அம்மா.