ஆட்டை இறக்கிவிடச் சொன்னீர்களா?

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டிய ஓடக்காரனின் கதையைச் சிறு வயதில் கேட்காதவர்கள் நம்மிடையே குறைவு. ஓடத்தில் அவனோடு இன்னொன்றுக்குத்தான் இடம் உண்டு. அவன் பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும், ஆடு புல்லைத் தின்றுவிடும். முதலில் ஆடு, பிறகு புலி, புலியை விட்டுவிட்டு ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்து, அதை இறக்கிப் புல்லை ஏற்றி, கடைசியில் மறுபடி ஆடு என்று விடை சொன்னதும் கேட்டவர் சிரித்துத் தலையாட்டுவார், புதிர் முடிந்துவிடும். அது அங்கே முடியக் கூடாது என்பது என் கட்சி. விடை தெரிந்தவர் எல்லாரும் புதிரைப் புரிந்துகொண்டவர் ஆகமாட்டார். புலியும் ஆடும் இன்னதென்றே அறியாத ஒருவர், தாளில் உள்ளதை வாசித்து அப்படியே செய்து, மூன்றையும் சேதமில்லாமல் அக்கரை சேர்க்கும்படி யார் எழுதிக் கொடுக்கிறாரோ அவரே புரிந்துகொண்டவர்.

எழுதிப் பார்த்தால் தெரியும். ‘ஆட்டைக் கொண்டு போ, திரும்பி வா, புலியைக் கொண்டு போ’ என்று தொடங்குவோம். எழுத்தை மட்டும் நம்பும் ஓடக்காரன் ஆட்டோடு போவான், ஆட்டோடே திரும்புவான். அக்கரையில் ஆட்டை இறக்கிவிடு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த வரியைச் சேர்த்த பிறகும் சந்தேகங்கள் வரிசையாக வருகின்றன. தனியாக விடப்பட்ட புலி கரையிலேயே காத்திருக்குமா, காட்டுக்குள் ஓடிவிடாதா? ஓடத்தில் தன்னோடு வருகிறவனை அது ஏன் தொடுவதில்லை? புலியையும் புல்லையும் ஒரே கரையில் விட்டுவைக்கலாம் என்று எப்படி முடிவு செய்தோம்? புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழி நமக்கு ரத்தத்தில் ஊறியிருப்பதால் அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுவதில்லை. உண்மையில் புதிரின் திறவுகோல் அந்தப் பழமொழிக்குள்தான் இருக்கிறது. மூன்றில் தம்முள் பகையில்லாத ஒரே ஜோடி அதுதான். மற்ற இரண்டுக்கும் இடையில் நின்று சிக்கலை உண்டாக்குவது ஆடு. தலைக்குள் விடையாக மட்டும் இருந்தவரை இந்த அமைப்பு கண்ணில் படவில்லை. எழுத உட்கார்ந்ததும், எதை நாம் சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தோம் என்பது வெளியே வந்துவிடுகிறது.

இந்தப் புதிர் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து சார்லமேன் மன்னரின் அவைக்குச் சென்று கற்பித்த ஆல்குவின் தொகுத்ததாகக் கருதப்படும் லத்தீன் புதிர்த் தொகுப்பில் இது ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்ற வடிவில் இருக்கிறது. ஆல்குவின் 804ஆம் ஆண்டில் இறந்தவர். ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதில் மக்கள் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். தடுக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: அக்கரை கொண்டுபோன ஆட்டைத் திரும்பக் கொண்டுவருவது. சேர்த்த பொருளைத் திருப்பிக் கொண்டுவருவது நஷ்டம் என்று மனம் அதை ஒதுக்கிவிடுகிறது. ஏழு பயணங்களைப் பட்டியலிடுவதற்குப் பதிலாக மூன்று விதிகளை மட்டும் எழுதிப் பாருங்கள். பகையுள்ள இரண்டைத் துணையின்றி விடாதே. முன்பு இருந்த நிலைக்கே மறுபடி வராதே. வழி அடைபட்டால், கடைசியாக வேறு வழி இருந்த இடத்துக்குத் திரும்பி அதை எடு. நான்கு பேரும் இரு கரைகளில் நிற்கக்கூடிய நிலைகள் மொத்தம் 16. அவற்றில் ஆபத்தில்லாதவை 10 மட்டுமே. இந்த விதிகளோடு நடந்தால், புலியை அக்கரை சேர்த்த கணத்தில் ஓடக்காரனுக்கு வேறு போக்கே இல்லை. வெறுங்கையோடு திரும்பினால் ஆடு போய்விடும். புலியோடு திரும்பினால் பழைய நிலை. மிச்சம் இருப்பது ஆடு ஒன்றுதான். ஆயிரம் ஆண்டுகளாகச் சாமர்த்தியம் என்று வியந்த அந்த அடி, விதியை எழுதியவுடன் சாதாரணக் கழித்தலாகிவிடுகிறது.

விதிக்கு இன்னொரு பலம் உண்டு. அதே தொகுப்பில், மூன்று ஜோடிகள் இருவர் மட்டும் ஏறக்கூடிய ஓடத்தில் ஆற்றைக் கடக்கும் புதிர் ஒன்றும் வருகிறது. பின்னாளில் பரவிய வடிவத்தில், தன் கணவன் உடனில்லாதபோது எந்தப் பெண்ணும் பிற ஆண்களோடு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 11 பயணங்களில் முடியும். முப்படிச் சமன்பாட்டுக்குத் தீர்வு கண்ட இத்தாலியக் கணிதர் டார்டாக்லியா, நான்கு ஜோடிகளையும் இப்படியே கடத்திவிடலாம் என்று நினைத்தார். அதே ஓடத்தில் அது முடியவே முடியாது என்று பிரான்சின் கணிதர் பாஷே பிறகு சுட்டிக்காட்டினார். அவ்வளவு பெரிய அறிவாளியையும் சறுக்கவைத்தது ‘இப்படியே’ என்ற நினைப்புதான். உள்ளுணர்வு தோற்கும்போது ‘எனக்கு வரவில்லை’ என்று மட்டுமே சொல்ல முடியும். எல்லா நிலைகளையும் ஒன்று விடாமல் தொட்டுவரும் வழிமுறையால்தான் ‘யாருக்கும் வராது’ என்று சொல்ல முடியும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரியது.

சுருக்கமும் வழிமுறையில்தான் இருக்கிறது. 1883இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் மூன்று கம்பங்கள். ஒன்றில் பெரிதின்மேல் சிறிதாக அடுக்கிய வட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு வட்டையே நகர்த்தலாம், சிறிதின்மேல் பெரிதை வைக்கக் கூடாது. காசிக் கோயிலில் 64 பொன் வட்டுகளை இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், மாற்றி முடித்தால் உலகம் அழியும் என்று ஒரு கதையும் அதோடு பரவியது. நொடிக்கு ஒன்று என நகர்த்தினாலும் அதற்கு 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நகர்வுகளைப் பட்டியலிட உலகத்துத் தாள் போதாது. வழிமுறையோ மூன்றே வரி: அடிவட்டு நீங்கலாக மேலே உள்ளவற்றை இதே முறையில் நடுக்கம்பத்துக்கு மாற்று, அடிவட்டைக் கடைசிக் கம்பத்துக்கு நகர்த்து, நடுவில் இருப்பவற்றை இதே முறையில் அதன்மேல் மாற்று. ஒரே ஒரு வட்டுதான் என்றால் நேராக நகர்த்திவிடு என்ற ஒட்டுவரியையும் மறக்கக் கூடாது. மறந்தால் வேலை தொடங்கவே தொடங்காது.

எல்லாவற்றையும் எழுதிவிட முடியுமா என்று கேட்பார்கள். சமையல் குறிப்பு ஒவ்வொன்றிலும் ‘உப்பு தேவையான அளவு’ என்றுதானே இருக்கிறது? கைப்பக்குவத்தைத் தாளில் இறக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத முயன்றவருக்குத்தான், எழுத்து எந்த இடத்தில் நின்று கை எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எல்லை தெரியும். முயலாதவருக்குச் சோம்பலும் கைப்பக்குவம் போலவே தோன்றும். திட்டமாக எழுதியது தவறாகவும் இருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. இருக்கலாம். காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூல், பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. முள் 100 என்றால் சுளை 120. எல்லாப் பழமும் இதற்குக் கட்டுப்படும் என்று நான் வாதாட வரவில்லை. அரிவாள்மணையில் வைத்து அறுத்தால் சரியா தவறா என்று அங்கேயே தெரிந்துவிடும் என்பதுதான் அதன் பெருமை. ‘அனுபவத்தில் தெரியும்’ என்ற பதிலை எந்த அரிவாள்மணையிலும் வைக்க முடியாது.

கடைசி ஆட்சேபம் கனமானது. எழுதியதை அப்படியே செய்கிறவன் எதையும் புரிந்துகொள்வதில்லை. இப்படிப் பழக்கினால் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிகிறவர்களைத்தானே உருவாக்குவோம்? கணினியும் விதிகளை ஓட்டுகிறது, அதற்குப் புலி ஏது, புல் ஏது? சரிதான். வாசித்து நடப்பவனுக்கு அறிவு தேவைப்படாதபடி செய்ய, எழுதுகிறவர் தம் அறிவு முழுவதையும் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நான் பேசுவது எழுதுகிறவரைப் பற்றி. ஏழு பயணங்களை மனப்பாடம் செய்தவனிடம் ஓடத்தில் இரண்டுக்கு இடம் என்று மாற்றிக் கொடுத்தால் விழிப்பான். விதிகளை எழுதியவன் ஒரு வரியைத் திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நம் வகுப்பறைகள் முதலாமவனுக்கு மதிப்பெண் போட்டுப் பழகிவிட்டன. கேட்ட மாத்திரத்தில் விடையைக் கொட்டும் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியவில்லை.

ஆகவே வீட்டில் பிள்ளைகள் புதிருக்கு விடை சொன்னால் உடனே கைதட்டிவிடாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இன்னொரு பிள்ளையை ஓடக்காரனாக்கி, தாளில் இருப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ஆடு இன்னும் ஓடத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஓடக்காரனைத் திட்ட வேண்டாம். பிழை தாளில் இருக்கிறது.