முதல் மோட்டார் சைக்கிள்

முதற் பிள்ளை, முதற் சம்பளம், சொந்தக் காணியில் எழுப்பிய முதல் வீடு என்பனவற்றைப் போல, முதல் மோட்டார் சைக்கிளும் இக்காலத்தில் ஒரு குடும்பத்தின் வரலாற்றிலே தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. படித்து முடித்த பிள்ளை உத்தியோகம் பார்க்கத் தொடங்கிச் சில மாதங்கள் செல்லுமுன்னே அந்தப் பேச்சு வீட்டில் எழும். தகப்பன் பணத்தைப் பற்றி எண்ணுவார். தாய் தெருவைப் பற்றி எண்ணுவாள். பிள்ளையோ வண்டியின் நிறத்தைப் பற்றி எண்ணுவான். மூவர் எண்ணுவதும் வேண்டியதே. ஆயினும், மூவரும் ஓரிடத்தில் இருந்து ஒன்றாக எண்ணுவது அரிதாகவே நிகழ்கின்றது.

என் தமக்கையின் மகனுக்கு வண்டி வாங்கும் பேச்சு வந்தபோது, அவ்வாறு ஒன்றாக இருந்து எண்ணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவன் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு காரியாலயத்துக்கு வேலைக்குச் செல்பவன். சனிக்கிழமைகளில் அங்கேயே ஒரு வகுப்புக்கும் போகின்றான். ஒரு வழிக்குப் பதினாறு கிலோ மீற்றர். பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு ஒரு வருடம் போய்வந்த பின்னர், "மாமா, எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பார்த்துத் தரவேண்டும்" என்று வந்து நின்றான். பார்த்துத் தரவேண்டும் என்று சொன்னானேயன்றி, பார்க்கவேண்டியதை அவன் முன்னரே பார்த்து முடித்திருந்தான். 150 சீ.சீ. வலுவுள்ள புதிய வண்டி. கருமையிலே சிவப்புக் கோடு. அவனுடைய கையிருப்பு மூன்று இலட்சம் ரூபா. முற்பணமாக வேண்டியதோ நான்கு இலட்சம். எஞ்சிய ஓர் இலட்சத்துக்காகத் தமக்கை தன் காப்புச் சோடியைக் கழற்றிக் கடதாசியிலே சுற்றி வைத்திருந்தாள். அடகு கடைக்குப் போக நாள் குறிப்பதொன்றே எஞ்சியிருந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்ற சொல் இளைஞர் காதில் ஏறுவதில்லை என்பதை வகுப்பறையிலே நன்கு கற்றிருக்கிறேன். "தம்பி, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வா" என்றேன்.

ஒன்பது இலட்சம் ரூபா வண்டிக்கு நான்கு இலட்சம் கட்டியபின் மீதி ஐந்து இலட்சம். அதனை 48 மாதங்களிலே தீர்ப்பதற்கு மாதம் 15,800 ரூபா என்று நிதி நிறுவனத்தார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாதத் தொகையை மாத்திரம் பார்ப்பவனுக்கு அது சிறிதாகத் தோன்றும். 48ஆற் பெருக்கினோம். 758,400 ரூபா வந்தது. ஐந்து இலட்சத்துக்கு மேலே இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான வட்டி. அவனுடைய சம்பளம் 52,000 ரூபா. நான்கு வருடங்களுக்கு அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைந்த தொகை வண்டிக்கென்றே போய்விடும். குத்தகை முறையில் வாங்கிய வண்டிக்குக் கடைசித் தவணை கட்டித் தீரும்வரை நிதி நிறுவனமே முழு உரிமையாளர். தவணைகள் தவறினால் வண்டியை எடுத்துச் செல்லவும் அதற்கு இடமுண்டு. அவன் தங்கை அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கின்றாள் என்பதைக் கொப்பியில் எழுதவேண்டிய அவசியம் நேரவில்லை. அதை அவனே சொன்னான்.

கடன் வாங்குவதே தவறு என்பது என் கருத்தன்று. வண்டி இன்றேல் தொழிலே இல்லை என்ற நிலையிலுள்ளவன் அளவறிந்து கடன்படலாம். ஆனால், வண்டி நம்மைச் சுமக்க வேண்டுமே தவிர, நாம் வண்டியைச் சுமக்கலாகாது. முதல் வண்டி தேடுவோர் மனங்கொள்ள வேண்டிய விதி இதுவொன்றே என்பேன்.

அடுத்து, எத்துணை வலு வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. 100 சீ.சீ. வண்டியின் இயந்திரம் ஏறக்குறைய எட்டுக் குதிரை வலுவைத் தரும். 150 சீ.சீ. வண்டி பதினான்கு வரை தரும். மலைநாட்டில், இருவர் ஏறிக்கொண்டு நுவரெலியா மேட்டில் ஏறுவதாயின் அந்த மேலதிக வலு உதவும். நம் குடாநாடோ உள்ளங்கை போன்ற சமதரை. இங்கே எட்டுக் குதிரைகளே தாராளம். எஞ்சிய ஆறும் தீனி மட்டும் தின்பவை. பாரத்தையும் நோக்குக. சிறிய வண்டி 110 கிலோ அளவினது. பெரியது 150 கிலோவை அண்மியது. மணல் படிந்த ஒழுங்கையிலே முன் சக்கரம் வழுக்கும்போது, புதிதாக ஓட்டப் பழகியவனுடைய கால்கள் தாங்கவேண்டியது அந்த 150 கிலோவையே. இருக்கையில் அமர்ந்ததும் இரண்டு பாதங்களும் தரையில் நன்கு பதியவேண்டும். பதியாத வண்டி எவ்வளவு அழகியதாயினும் முதல் வண்டியாகத் தகாது.

பெற்றோற் கணக்கையும் எழுதினோம். வாரம் ஆறு நாட்கள், நாளுக்கு 32 கிலோ மீற்றர். ஆக 192 கிலோ மீற்றர். சிறிய வண்டி லீற்றருக்கு 55 கிலோ மீற்றர் ஓடும் எனவும், பெரியது 40 ஓடும் எனவும் கொண்டோம். மாதத்துக்கு ஒன்றுக்கு 15 லீற்றர், மற்றதற்கு 21 லீற்றர். அப்பொழுது அவன் அன்னை, "அந்த நாலு லீற்றர்க் காலத்தை மறந்து போனியளோ?" என்றாள். 2022ஆம் ஆண்டு நாட்டிலே எரிபொருள் அற்றுப்போய், கியூ.ஆர். அட்டைக்குப் பங்கிட்டுக் கொடுத்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே முதலில் வழங்கப்பட்டது. நான்கு லீற்றரிலே சிறிய வண்டி 220 கிலோ மீற்றர் செல்லும். பெரியது 160உடன் நின்றுவிடும். அவனுக்கு வேண்டியது 192. சிறிய வண்டி வைத்திருந்தால் வாரம் முழுவதும் போய்வந்திருப்பான். பெரிய வண்டி வைத்திருந்தால் சனிக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் நின்றிருப்பான். பையன் நெடுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நம்மவர்க்கு இந்தப் பாடம் புதியதன்று. தொண்ணூறுகளிலே குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை என் வயதினர் சிறுவராயிருந்து கண்டோம். புகைக் கரி படிந்த பிளக்கைக் கழற்றி, உரைத்து, மீண்டும் பூட்டுவதை ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் காணலாம். அக்காலத்தைத் தாண்டி ஓடியவை பெரும்பாலும் சிறிய, எளிய அமைப்புடைய வண்டிகளே. ஹொண்டா சி50, சி70, சி90 என நம்மூரிலே பெயர்பெற்ற வண்டிகள், 1958இல் யப்பானில் வெளிவந்த சூப்பர் கப் என்பதன் வழிவந்தவை. அதனை அமைத்த சொய்ச்சிரோ ஹொண்டாவிடம் அவருடைய வியாபாரப் பங்காளி புஜிசாவா கேட்டது வேகத்தை அன்று. உணவு கொண்டுசெல்லும் கடைப் பையன் ஒரு கையிலே தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டத்தக்க வண்டி வேண்டும் என்றே அவர் கேட்டார். உழைக்கும் எளியவனை மனத்தில் வைத்துச் செய்த அந்த வண்டி, 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி எண்ணிக்கையை எட்டியது.

கையிருப்புக்குள் அடங்கும் பழைய வண்டி ஒன்றைத் தேடுவதென்று முடிவாயிற்று. பழையதென்றால் மலிவு என்று எண்ணிவிடலாகாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கென 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில், ஓட ஓட விலை இறங்கும் உலக வழக்குக்கு மாறாக, நம் நாட்டிலே பழைய வண்டிகளின் விலை ஏறியது. ஆகவே, கொடுக்கும் காசுக்கு எது கிடைக்கின்றது என்பதைக் கண்ணாலும் கையாலும் காணவேண்டும்.

நாங்கள் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரும் உடன் வந்தார். அவரிடம் கற்றவற்றை வாசகர் நன்மைக்காகச் சொல்கிறேன். விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அது சூடாயிருந்தால், நாம் வருமுன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையிலே எவ்வாறு கிளம்பும் என்பது மறைக்கப்படுகின்றது. புகை நீலமாகத் தொடர்ந்து வருமாயின் இயந்திரம் எண்ணெய் குடிக்கின்றது. கறுப்பாயின் பெற்றோலை வேண்டாத அளவு எரிக்கின்றது. சங்கிலி ஏறும் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் சங்கிலியோடு அதனையும் மாற்றவேண்டிவரும். ஓடிய தூரத்தைக் காட்டும் மானி பொய் சொல்லக்கூடும். ஆனால், கால் வைக்கும் இறப்பரும் கியர் மிதியும் தேய்ந்த அளவு பொய் சொல்லா. இருக்கை அமரும் சட்டத்திலே புதிய ஒட்டுவேலை தெரிந்தால், அது விழுந்து எழுந்த வண்டி என அறிக. கடலை அண்டி வாழும் நமக்கு உப்புக் காற்றின் துருவும் ஒரு கவலை. மட்காட்டின் உட்புறத்தை விரலாற் தடவிப் பார்க்க மறவாதீர்.

வண்டியைவிட அதன் பத்திரங்கள் முக்கியமானவை. இயந்திர இலக்கமும் சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். விற்பவர் பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் ஒன்றாயிருக்கவேண்டும். கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்துடன் மூன்று நான்கு கைகள் மாறிவந்த வண்டிகள் நம்மிடையே பல. அவை விலை குறைந்தவை போலத் தோன்றும். விபத்தொன்று நேர்ந்தால் அல்லது முதல் உரிமையாளர் கடல் கடந்து போயிருந்தால், அந்தக் குறைந்த விலையின் உண்மை விலை தெரியவரும். நாங்கள் கண்ட ஐந்து வண்டிகளிலே அழகிற் சிறந்ததை இக்காரணத்துக்காகவே விட்டு வந்தோம். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

இறுதியிலே கிடைத்தது, ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர் பத்து வருடம் ஓட்டிய 100 சீ.சீ. இந்திய வண்டி. விலை 260,000 ரூபா. மீதி நாற்பதினாயிரத்தில் பெயர் மாற்றம், காப்புறுதி, பின் ரயர், பிறேக் கட்டைகள் யாவும் முடிந்தன, எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் பொறித்த தலைக்கவசங்கள் இரண்டும் வந்தன. இரண்டு எதற்கு என்று கேட்டான். பின்னால் இருப்பவர்க்கும் தலை உண்டு என்றேன். ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினாற்போல, இலட்சக்கணக்கில் வண்டி வாங்குவோர் தலைக்கவசத்தில் ஆயிரம் ரூபா மிச்சம் பிடிப்பதைக் காண்கிறேன். என்னிடம் கற்ற மாணவர் இருவருடைய வீடுகளுக்கு நான் துக்கம் விசாரிக்கச் சென்றதுண்டு. இரு வீடுகளிலும் தலைக்கவசம் சுவரிலே தொங்கியது. அதற்குமேல் அதனைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

பெண் பிள்ளைகளுக்கு முதல் வண்டி பார்ப்போரும் இன்று பலர். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்ட எளிது. புத்தகப் பையையும் சந்தைச் சாமானையும் காலடியில் வைக்கலாம். ஆயினும் அதன் சிறிய சக்கரம் குழியிலே கடுமையாக இறங்கும். அதே வலுவுள்ள மோட்டார் சைக்கிளிலும் பெற்றோல் சற்று அதிகமாகவே செல்லும். மகள் போய்வரும் தெருவைத் தகப்பன் ஒரு முறை தானே ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது நன்று.

"நூறு சீ.சீ. வண்டியிலே போனால் சிநேகிதர்கள் சிரிப்பார்கள், மாமா" என்று பையன் முதலிற் சொன்னது உண்மையே. சிலர் சிரித்தார்களாம். அவன் இப்பொழுது மாதந்தோறும் எட்டாயிரம் ரூபா தங்கையின் பெயரிலே வங்கியில் போடுகின்றான். தமக்கையின் காப்புகள் அவள் கையிலேயே கிடக்கின்றன. நாலைந்து வருடம் சென்றபின் அவன் பெரிய வண்டி வாங்குவானாயின், அப்பொழுது அது அவனுடைய உழைப்பின் மிச்சத்தில் வாங்கியதாயிருக்கும். தெருவும் அவனுக்குப் பழகியிருக்கும்.

வண்டி வாங்கிய அன்று பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். அவ்வாறே செய்தோம். அந்தப் பூசை ஒரு நாளோடு முடிந்துவிடும். ஞாயிறுதோறும் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவதும், ரயரில் காற்றுப் பார்ப்பதும், காலையில் பத்து நிமிடம் முந்திப் புறப்படுவதும் வண்டி உள்ளளவும் செய்யவேண்டியவை. பின்னையவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. ஆதலால் எவ்வளவு குறைந்த வருவாயுடைய குடும்பத்துக்கும் அவை இயலும்.